ஒரு சாண் அண்ணாச்சியும் நாலாம் நம்பர் போஸ்ட்டும்

உலகத்தில் எல்லோரும் எதையாவது ஆடாமல் அசையாமல் நிற்க வைக்கத்தான் பாடுபடுகிறார்கள். பல் மருத்துவர் பல்லை, கொத்தனார் சுவரை, கட்சித் தலைவர் எம்.எல்.ஏ.க்களை. எதுவும் ஆடாமல் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் உடம்பு இளைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஒரு சாண் அண்ணாச்சிதான்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. வள்ளியூர்ப் பக்கம் ஊர். ஆள் ஆறடிக்கு மேல் இருப்பார். பட்டப்பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு பார்சல் கொண்டுவருகிறவர்கள் குள்ளமாக யாரையோ தேடிவிட்டு, அவரிடமே வந்து, "இங்கே ஒரு சாண் அண்ணாச்சி யாருங்க?" என்று கேட்பார்கள். அவர் தன் வலது கையை விரித்துக் காட்டுவார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை முழு முக்காலடி. அதுதான் அவருடைய அளவுகோல், அடையாள அட்டை, கொள்கை எல்லாம்.

நான் யாரென்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையாளம் பேசும் கழக்கூட்டம் என்ற ஊரில் ஐ.டி. பார்க்கை நம்பி முளைத்த வாடகை ஃபிளாட்டுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பார்க்கில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தபடி பிழை திருத்தும் வேலை. தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் என்பதால், சம்பளம் இல்லாத நேரத்திலும் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பேன். கேஸை மூடினோமா என்று பார்ப்பேன். மூடியிருக்கும். பார்த்தபோது கைபட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பேன். இப்படிப்பட்டவளுக்கு மூன்றரை வயதில் மீனு என்று ஒரு மகள். அவள் படிக்கும் பிளே ஸ்கூல் ஒரு வளைவுக்குக் கீழே இருந்தது.

எங்கள் சந்து சர்வீஸ் ரோட்டிலிருந்து சரேலென்று இறங்கும். நடுவில் ஒரு வளைவு. வளைவின் ஓரத்துக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்தில் பிளே ஸ்கூல் முற்றம். முற்றத்தில் ஊஞ்சல். இறக்கத்தில் வரும் வண்டிக்கும் அந்த ஊஞ்சலுக்கும் நடுவே இருந்தது ஓர் இரும்புத் தடுப்பு வேலி மட்டுமே. ஹைவே ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். அலை அலையாக மடித்த நீளமான தகடு, அதைத் தாங்கிக்கொண்டு மண்ணில் அடித்து இறக்கிய இரும்புப் போஸ்ட்டுகள். எங்கள் வளைவில் பதினொரு போஸ்ட். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் உண்டு. நம்பர் இல்லாவிட்டாலும் நான் தினமும் எண்ணியிருப்பேன்.

ஒரு நாள் மீனுவின் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தபோது பிடிமானத்துக்கு நாலாம் நம்பரைப் பிடித்தேன். அது ஆடியது.

பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நூல் அளவு. ஆனால் எனக்கு அந்த நூலில் மொத்த உலகமும் தொங்குவதுபோல் இருந்தது. மறுநாளும் பிடித்துப் பார்த்தேன். மறுநாளும் ஆடியது.

மூன்றாம் நாள் சற்று முன்னதாகவே போனேன். அங்கே ஆரஞ்சு நிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்ட நெடிய மனிதர் ஒருவர் ஒன்பதாம் நம்பரை இரண்டு கையாலும் பிடித்து, மாவு ஆட்டுகிறவர் மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு பத்தாம் நம்பர். பிறகு பதினொன்று. ஒவ்வொன்றையும் ஆட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் அடியில் உட்கார்ந்து கையால் சாண் போட்டு அளந்தார். இரும்பு திருடுகிறவர் என்று முடிவு செய்தேன். ஆனால் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு யாராவது திருட வருவார்களா என்று உடனே சந்தேகமும் வந்தது.

"என்ன பண்றீங்க?" என்றேன், மீனுவை எனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு.

"சொகம் விசாரிக்கேன்."

"யாரை?"

"இவங்களத்தான். நான் அடிச்சு இறக்குன போஸ்ட்டுல்லா? காலையில வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு எட்டு பாத்துட்டுப் போவேன்."

"நாலாம் நம்பர் ஆடுதுங்க!" என்றேன். இரண்டு நாளாக நெஞ்சில் வைத்திருந்தது. 

அவர் முகம் மலர்ந்தது. "ஆடுதா? அப்பாடா! ரொம்ப சந்தோசம்மா. நீங்களும் கவனிக்கியளே, இந்தக் காலத்துல யாரு கவனிக்கா?"

இப்படித்தான் எங்கள் நட்பு தொடங்கியது. அன்று முழுவதும் நான் தலைவலி மாத்திரை தேடிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு கான்ட்ராக்டரிடம் தடுப்பு வேலி போடும் கோஷ்டிக்கு மேஸ்திரி. எங்கள் சந்து முனையில் டீக்கடைக்கு மேல் ஓர் அறையில் தங்கியிருந்தார். அவருடைய கொள்கை இதுதான்: தடுப்பு வேலியின் போஸ்ட் நன்றாக இறுகிய மண்ணில் நிற்க வேண்டும், ஆனால் மண்ணில் மட்டும்தான் நிற்க வேண்டும். அதன் காலைச் சுற்றி சிமென்ட், தார், ஓடு எதுவும் ஒட்டக்கூடாது. சுற்றிலும் ஒரு சாண், பின்பக்கம் இரண்டு சாண் மண் விட வேண்டும். "கைக்கு ஒரு நூல் அசையணும், வண்டிக்கு ரெண்டு சாண் சாயணும்" என்பார். கோஷ்டியில் இருந்த ஒருவருக்குக் கை சின்னது. அவர் தன் சாணால் அளந்து ஒரு நாள் வேலையை முடித்துவிட்டாராம். அண்ணாச்சி அத்தனையும் திரும்பத் தோண்ட வைத்தார். அதன்பின் தன் கையைத் தகரத்தில் வரைந்து வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். அவர்கள் அதை விசிறிக்கொள்ளப் பயன்படுத்தினார்கள்.

கொள்கை வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் ஆடுகிற பெஞ்சில்தான் உட்காருவார். "ஆடாத பெஞ்சு ஒடியும்" என்பது அவர் முடிவு. ஒருநாள் கடைக்காரர் பெஞ்சுக்காலுக்கு அட்டை வைத்துச் சரிசெய்தார். அண்ணாச்சி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றபடியே டீ குடித்துவிட்டுப் போனார். எங்கள் ஃபிளாட்டில் இருந்த ஒருவர் சொந்தமாக வீடு கட்டிப் புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தார். பால் காய்ச்சி எல்லோரும் ஆகா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் அண்ணாச்சி நேரே ஹால் நடுவே இருந்த தூணிடம் போனார். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார். வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. முழு நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆடக் கூடாது. ஆடல. நல்லாருக்கு," என்று வாழ்த்திவிட்டுப் பாயசம் கேட்டார்.

இத்தனையும் தெரிந்த பிறகும் எனக்கு நாலாம் நம்பரைப் பற்றிய பயம் போகவில்லை. பயந்தால் கடிதம் எழுதுவது என் வழக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒன்று எழுதினேன். சங்கச் செயலாளர் மலையாளி. ஓய்வு பெற்றவர். எல்லோரும் செக்ரட்டரி சார் என்போம். அவர் மறுநாளே என்னைப் பாதுகாப்புக் கமிட்டியின் கன்வீனர் ஆக்கினார். கமிட்டியில் வேறு யாரும் இல்லை.

"மோளே, ஒந்நும் பேடிக்கண்டா," என்று தைரியம் சொன்னார். "முழுவன் காங்கிரீட் இடாம். மேலே இன்டர்லாக். பின்னே ஆனை வந்து இடிச்சாலும் ஆடில்லா, கேட்டோ."

செக்ரட்டரி சாருக்குத் தரையில் பதிக்கும் இன்டர்லாக் கல்தான் சர்வரோக நிவாரணி. முற்றத்தில் சேறா, இன்டர்லாக். புல்லா, இன்டர்லாக். பாம்பு வருகிறதா, இன்டர்லாக். அவர் வீட்டுத் துளசிச் செடியே இன்டர்லாக்குக்கு நடுவில் மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. சாலையோர வேலி சங்கத்தின் சொத்தில்லையே என்று நான் தயங்கிக் கேட்டேன். கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள் என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடுகிற பல்லுக்கு சிமென்ட் வைப்பதில்லையா?

விஷயம் தெரிந்து அண்ணாச்சி கூட்டத்துக்கே வந்துவிட்டார். கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும் கூட்டம். கையில் இரண்டு தயிர்க் கப். ஒன்றில் இறுக்கி அமுக்கிய மண், நடுவில் ஓர் ஐஸ் குச்சி. இன்னொன்றில் இறுகிப்போன சிமென்ட், நடுவில் ஓர் ஐஸ் குச்சி.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. இது மண்ணு." விரலால் ஒரு சுண்டு சுண்டினார். குச்சி பின்னால் சாய்ந்தது. பின்பக்க மண் கொஞ்சம் மேலே எழும்பிற்று. குச்சி நிற்கத்தான் செய்தது. "பாத்தியளா? விழுந்த அடியில பாதிய மண்ணு வாங்கிக்கிடுச்சு. இப்ப இது சிமென்ட்டு."

சுண்டினார். குச்சி சிமென்ட் மட்டத்தில் படக்கென்று ஒடிந்து, பறந்து போய், செக்ரட்டரி சாரின் டீ கிளாஸில் தலைகுப்புற விழுந்தது.

"என்டெ சாயா!"

"அதான் சார், இந்த டீ கிளாஸ்தான் நம்ம பிளே ஸ்கூலு," என்றார் அண்ணாச்சி.

செக்ரட்டரி சார் குச்சியை வெளியே எடுத்தார். "அண்ணாச்சி, இது ஐஸ் குச்சியல்லே? அது இரும்பு. இரும்பு ஒடியுமோ?"

"ஒடியாது சார். மடங்கும். காலை அசைய விடாம பிடிச்சுக்கிட்டா, மொத்த அடியையும் கணுக்கால்ல வாங்கணும். தரை மட்டத்துல மடங்கிரும். மடங்குன போஸ்ட்டு தகட்டை விட்டுரும். தகடு விட்டா வண்டி நேரே கீழதான்."

எல்லோரும் கன்வீனரைப் பார்த்தார்கள். அண்ணாச்சி சொல்வது சரி என்று பட்டது. செக்ரட்டரி சார் சொல்வதும் சரி என்று பட்டது. காங்கிரீட்டுக்கு ஆதரவாக யார் கை தூக்குகிறீர்கள் என்று கேட்டபோது, நான் யோசித்தபடி கையைப் பாதி தூக்கினேன். அதை முழுக் கையாக எண்ணிவிட்டார்கள்.

ஒரே நாளில் காங்கிரீட் போட்டு மேலே சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் பதித்தாயிற்று. நாலாம் நம்பரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒடிந்து பறந்த அந்தக் குச்சி என் மனசுக்குள் இன்னும் எங்கும் விழாமல் பறந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஒன்றாம் நம்பரின் காலைச் சுற்றி ஒரு சாண் சதுரத்துக்கு இன்டர்லாக்கையும் காங்கிரீட்டையும் காணோம். அங்கே மண் இருந்தது. செக்ரட்டரி சார் ஆள் வைத்துப் பூசினார். அடுத்த நாள் இரண்டாம் நம்பர். பூசினார். அதற்கடுத்த நாள் மூன்றாம் நம்பர்.

இந்தச் சதியை அண்ணாச்சி ஒளிந்து மறைந்து ஒன்றும் செய்யவில்லை. காலை எட்டு மணிக்கு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டு, சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து வெட்டினார். அரசாங்க வேலை என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். ஒருநாள் செக்ரட்டரி சாரே ஸ்கூட்டரில் வந்து, கூம்பைப் பார்த்துப் பிரேக் போட்டு, சுற்றுவழியில் போயிருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மாலை என் வீட்டுக்கே வந்தார். "கன்வீனர் ஒரு லெட்டர் எழுதணும். அவன்டெ கான்ட்ராக்டருக்கு. பொதுமுதல் நசிப்பிக்குந்நு, நடபடி எடுக்கணும்னு." பொதுச்சொத்தை நாசம் பண்ணுகிறாராம், நடவடிக்கை வேண்டுமாம்.

அந்த லெட்டர் போனால் அண்ணாச்சியின் வேலை போய்விடும். அது செக்ரட்டரி சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கடமை தவறாதவள். உட்கார்ந்து எழுதினேன். மூன்று முறை எழுதினேன். மூன்றுமே "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடிந்து, அதன்கீழே "ஒருவேளை அவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம்" என்ற வரியோடு மறுபடி முடிந்தன.

மறுநாள் காலை லெட்டரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வளைவுக்குப் போனேன். அண்ணாச்சி ஆறாம் நம்பரில் வேலையாக இருந்தார்.

"அண்ணாச்சி, தயவுசெஞ்சு நிறுத்துங்க. லெட்டர் எழுதச் சொல்லியிருக்காங்க. போனா உங்க வேலை போயிடும்."

"போட்டும்மா. வேலை போனா இன்னொரு வேலை பாத்துக்கிடலாம்." உளியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கீழே மீனு ஊஞ்சலில் ஏறுவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஊஞ்சலு போனா என்ன செய்வியோ?"

 என் வாழ்க்கையில் நான் எடுத்த எல்லா முடிவுகளையும் போலவே ஒரு முடிவை அங்கேயே எடுத்தேன். ஒன்று முதல் ஆறு வரை அண்ணாச்சிக்கு, ஒரு சாண் மண். ஏழு முதல் பதினொன்று வரை செக்ரட்டரி சாருக்கு, காங்கிரீட்டும் இன்டர்லாக்கும். லெட்டர் என் பையிலேயே இருக்கும்.

"பாதி மூஞ்சி சவரம் பண்ணினாப்புல இருக்கு," என்றார் அண்ணாச்சி. செக்ரட்டரி சாரும் மலையாளத்தில் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது. ஆனாலும் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: ஊஞ்சல் சரியாக ஆறாம் நம்பருக்கும் ஏழாம் நம்பருக்கும் நடுவே கீழே இருக்கிறது. எல்லைக்கோட்டை நான் வேறெங்கும் போட்டிருக்கக் கூடாதா?

இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி காலையில் ஒன்று முதல் ஆறு வரை ஆட்டினார். ஏழாம் நம்பர் வந்ததும் எதிர்வீட்டு நாயைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். நாலாம் நம்பர் மட்டும் அவரைக் குழப்பியது. "வீம்பு பிடிச்ச பய. காலையில நான் ஆட்டி வச்சுட்டுப் போறேன். மறுநாள் வந்து பாத்தா இறுகி நிக்கான். மத்தவன்லாம் அப்படி இல்ல. இவனுக்குள்ள என்னமோ இருக்கு," என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பிறகு ஒரு மழைநாள் முற்பகல்.

எங்கள் ஃபிளாட்டுகளுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். டிரைவர் லாரியை மேட்டில் நிறுத்திவிட்டுக் குழாய் மாட்ட இறங்கியிருக்கிறார். சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல் வேண்டும். பக்கத்தில் மிச்சமாக அடுக்கி வைத்திருந்த இன்டர்லாக் கல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். வழவழப்பான கல், மழைத் தண்ணீர், முழு டேங்கர். ஆளில்லாத லாரி மெதுவாகக் கிளம்பி, பிறகு மெதுவாக இல்லாமல், வளைவைப் பார்த்துப் போய்விட்டது.

சத்தம் கேட்டு நான் ஒற்றைச் செருப்போடு ஓடினேன். என்னென்ன நினைத்துக்கொண்டு ஓடினேன் என்பதை எழுத மாட்டேன். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

லாரி வேலியில் முட்டி நின்றிருந்தது. நாலு, ஐந்து, ஆறு மூன்று போஸ்ட்டும் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர்கள் மாதிரிப் பின்னால் சாய்ந்து, காலடி மண்ணைக் குவித்து எழுப்பிக்கொண்டு, தகட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஏழும் எட்டும் காங்கிரீட் மட்டத்தில் மண்டியிட்டதுபோல் மடிந்து கிடந்தன. தகடு அவற்றிலிருந்து கழன்று தொங்கியது. அந்த இடைவெளி வழியாக லாரியின் மூக்கு வெளியே நீண்டு, ஒரு முன்சக்கரம் காற்றில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. சாய்ந்த மூன்றும் பிடியை விட்டிருந்தால் அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் மொத்த லாரியும் போயிருக்கும். டேங்கரின் குழாய் உடைந்து தண்ணீர் அருவியாகக் கீழே ஊஞ்சலின்மேல் கொட்டியது. ஊஞ்சல் தன்பாட்டுக்கு ஆடியது.

ஊஞ்சலில் யாரும் இல்லை. உள்ளே உப்புமா நேரம். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அத்தனை பிள்ளைகளும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மீனு கத்தினாள்: "அம்மா! லாரி மூச்சா போகுது!"

நான் அங்கேயே நடுரோட்டில் மழையில் உட்கார்ந்து அழுதேன். சிரிக்கவும் செய்தேன். எது முதலில் என்று தெரியவில்லை.

ஹைவேயில் வேலையில் இருந்த அண்ணாச்சிக்கு யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். வந்தார். லாரியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேரே நாலாம் நம்பரிடம் போய் உட்கார்ந்து, சாய்ந்த அளவைச் சாண் போட்டார். "ரெண்டு சாண். சொல்லி வச்சாப்புல," என்றார். அதன் முதுகை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஏழாம் நம்பரிடம் போனார். இப்போது எல்லோரையும் பார்த்து "நான் அப்பவே சொன்னேம்லா" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தோம். செக்ரட்டரி சார் தலையைக் குனிந்து தயாராகவே நின்றார். அண்ணாச்சி மடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம். இவன் மேல ஒரு தப்பும் இல்ல," என்று மட்டும் சொன்னார்.

செக்ரட்டரி சார் மெல்ல அவர் பக்கத்தில் போனார். "அண்ணாச்சி, ஒரு சாயா குடிக்காம், வா."

"குச்சி கெடக்காதுல்லா?" என்றார் அண்ணாச்சி.

டீக்கடையில், ஆடுகிற பெஞ்சில், மூன்று பேரும் உட்கார்ந்தோம். மீனு என் மடியில். அப்போதுதான் நான் சொன்னேன். உங்களிடமும் இதுவரை மறைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நாலாம் நம்பருக்குள்ள ஒண்ணும் இல்ல. அதைத் தினமும் மதியம் நான்தான் இறுக்கினேன்."

கைப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். இஞ்சி தட்டுகிற இரும்புக் குழவி. அந்தப் போஸ்ட் ஆடுவதை முதலில் பார்த்த நாளிலிருந்து, மீனுவைக் கூப்பிடப் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகப் போய், யாரும் பார்க்காதபோது அதன் காலடி மண்ணைக் குத்திக் குத்தி இறுக்குவேன். காங்கிரீட் இருந்த சில நாள் மட்டும்தான் விடுமுறை. வீட்டில் டீ மண்வாசனை அடிக்கிறது என்று கணவர் சொன்னபோதெல்லாம் டீத்தூளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி குழவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகக் குற்ற உணர்ச்சி தெரிந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும்மா. அந்தப் போஸ்ட்டு ஆடுனது வேற எதுனாலயும் இல்ல. அடிச்சப்ப நல்லா கிண்ணுன்னுதான் நின்னுச்சு. நான் வளைவுல முதல்ல கைவைக்கது அதுலதான். தெனமும் பாசமா ரெண்டு ஆட்டு கூட ஆட்டிருவேன். ஆட்டி ஆட்டி நானே இளக்கிட்டேன் போலருக்கு."

 அவர் காலையில் இளக்கியதை நான் மதியம் இறுக்கி, நான் மதியம் இறுக்கியதை அவர் காலையில் இளக்கி, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு போஸ்ட்டை வைத்து மாவு பிசைந்துகொண்டிருந்திருக்கிறோம். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துதான் நான் கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தால்தான் காங்கிரீட்டே வந்தது.

"நீங்க இறுக்காம இருந்திருந்தா என் கைக்கே பிடுங்கி வந்திருக்கும்," என்றார் அண்ணாச்சி. "நான் ஆட்டாம இருந்திருந்தா—"

"நான் நல்லா தூங்கியிருப்பேன்," என்றேன்.

பெஞ்சு ஆடும்படி சிரித்தார். செக்ரட்டரி சாரும் சிரித்தார், தன் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டு.

அடுத்த வாரமே மெஷின் வந்து ஐந்து புதுப் போஸ்ட்டுகளை அடித்து இறக்கியது. ஒன்பது முதல் பதினொன்று வரை காலைச் சுற்றியிருந்த காங்கிரீட்டையும் அண்ணாச்சி வெட்டி எடுத்தார். இந்தமுறை கூம்புகளைப் பிடித்து வைத்தது செக்ரட்டரி சார். பதினொரு போஸ்ட்டுக்கும் ஒரு சாண் மண், பின்னால் இரண்டு சாண். அந்தச் சதுரங்களில் செக்ரட்டரி சாரே பத்துமணிப் பூச்செடி நட்டார். அது போஸ்ட்டுக்காக விட்ட இடமில்லை, பூவுக்காக விட்ட இடம் என்றுதான் இன்றுவரை சங்கக் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்களும் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதிக்கொள்கிறோம்.

புது நாலாம் நம்பர் நின்றதும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "கன்வீனரு வாங்க. முத ஆட்டு நீங்கதான்." கைகழுவித் துடைத்துக்கொண்டு போய் ஆட்டினேன். ஆடவில்லை. எனக்குள் பழைய நிம்மதி ஒன்று வந்தது. அவர் முகம் வாடிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல் இன்னொரு தடவை பலமாக ஆட்டினேன். ஒரு நூல் அசைந்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

இப்போது அண்ணாச்சி இங்கே இல்லை. வித்துராவிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் வளைவுகளுக்கு வேலி போடப் போயிருக்கிறார். அங்கே வளைவுகள் அதிகம், ஆகையால் அவருக்குச் சொந்தங்களும் அதிகம். வாரம் ஒருமுறை, சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று போன் செய்வார். ஹலோ எல்லாம் கிடையாது.

"நாலாம் நம்பரு எப்படி இருக்கான்?"

"நல்லா ஆடுறான் அண்ணாச்சி."

"பிள்ளை?"

"அவளும்தான்."

"அப்ப சரி," என்று வைத்துவிடுவார்.

பொய் இல்லை. காலையில் மீனுவை விடப் போகும்போது அவருக்காக இரண்டு ஆட்டு ஆட்டுகிறேன். மதியம் கூப்பிடப் போகும்போது எனக்காகக் குழவியால் நாலு குத்துக் குத்துகிறேன். மீனு பக்கத்தில் உட்கார்ந்து தன் குட்டிக் கையால் மண்ணை அளக்கிறாள். அவள் கைக்கு அது ஒரு சாண் இல்லை, இரண்டு சாண் வருகிறது. நான் திருத்துவதில்லை. அண்ணாச்சி கேட்டால் சந்தோஷப்படுவார்.